ரெண்டு ஓட்டு, ரெண்டு எம்.பி.: ஸ்ரீவில்லிபுத்தூர் பார்த்த பழைய தேர்தல் முறை

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

இன்னைக்கு ரெண்டு ஊர், ஒரு தேர்தல் முறை. ஊர்கள் ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும். பஸ் ஏறினா அரை மணி நேரம்கூட ஆகாது. ஒண்ணு நூற்பாலை ஊர், இன்னொண்ணு ஆண்டாள் ஊர். தேர்தல் முறை என்னன்னா, இன்னைக்கு மக்களவைத் தேர்தலிலும் சட்டமன்றத் தேர்தலிலும் இல்லாத ஒண்ணு: ஒரே தொகுதிக்கு ரெண்டு உறுப்பினர்கள், ஒவ்வொரு வாக்காளருக்கும் ரெண்டு ஓட்டு.

முதல்ல 1952-க்குப் போவோம். சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத்தேர்தல். சென்னை மாநிலத்தில் ஜனவரி மாதம் வாக்குப்பதிவு. மக்களவைக்கும் சட்டமன்றத்துக்கும் சேர்த்தே தேர்தல். ஸ்ரீவில்லிபுத்தூர் மக்களவைத் தொகுதியில் காங்கிரஸ் சார்பில் நின்றவர் காமராஜர். ஜெயித்தார். ஸ்ரீவில்லிபுத்தூர் சட்டமன்றத் தொகுதியில் அதே காங்கிரஸ் சார்பில் நின்றவர் அப்போதைய முதலமைச்சர் பி.எஸ். குமாரசாமி ராஜா. ராஜபாளையத்துக்காரர், 1949 ஏப்ரலில் இருந்து மாநிலத்தை ஆண்டவர், ஆட்சியில் இருந்துகொண்டே தேர்தலைச் சந்தித்தவர். அவர் தோற்றார்.

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. ஒரே வட்டாரம், ஒரே கட்சி, ஒரே இரட்டைக் காளைச் சின்னம். மேல ஜெயிச்ச கட்சி கீழ தோத்திருக்கு, அதுவும் முதலமைச்சரோட சொந்த மண்ணுல. உணவுப் பஞ்சமும் ரேஷன் கெடுபிடியும் மக்களைக் கடுப்பேத்தியிருந்த காலம் அது. அந்தக் கோபம் டெல்லி மேல இல்ல, சென்னையில் ஆட்சியில் இருந்தவங்க மேல. முதல் தடவை எல்லோருக்கும் ஓட்டு கிடைச்ச தேர்தலிலேயே, ரெண்டு சீட்டை வேற வேற விதமா பயன்படுத்தலாம்னு மக்கள் புரிஞ்சு வெச்சிருந்தாங்க.

குமாரசாமி ராஜா பிறகு ஒரிசா ஆளுநர் ஆனார். 1957-ல் காலமானார். தன் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தவர். ராஜபாளையம் போனா அந்த மன்றத்தை எட்டிப் பாருங்க.

யாருக்கும் பெரும்பான்மை இல்லை

அந்தத் தேர்தல் முடிவு மாநில அளவிலும் பெரிய குழப்பம். மொத்தம் 375 இடங்கள். பெரும்பான்மைக்கு 188 வேணும். காங்கிரஸுக்குக் கிடைச்சது 152. கம்யூனிஸ்ட் கட்சிக்கு 62. எதிரணி எல்லாம் டி. பிரகாசம் தலைமையில் ஒண்ணு சேர்ந்து ஆட்சி கேட்டது. கடைசியில் தேர்தலிலேயே நிற்காத ராஜாஜியை ஆளுநர் ஸ்ரீபிரகாசா மேலவைக்கு நியமிச்சு, ஆட்சி அமைக்கக் கூப்பிட்டார். 1952 ஏப்ரல் 10-ம் தேதி ராஜாஜி பதவியேற்றார். வட ஆற்காடு பக்கத்துக் காமன்வீல் கட்சியின் மாணிக்கவேலு நாயக்கர் அமைச்சரானார். இப்படி ஆள் சேர்த்துத்தான் ஆட்சி நின்றது.

இந்த இடத்துல இத்தாலியை ஒரு நிமிஷம் பார்க்கலாம். அங்கே மாநிலம் மாதிரி இருக்கிற பிராந்தியங்களுக்குத் தனித் தேர்தல். 2000-ல் இருந்து பெரும்பாலான பிராந்தியங்களில் மக்கள் தலைவரை நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறாங்க. ஜெயிச்ச தலைவரோட கூட்டணிக்கு 'போனஸ்' இடங்கள் உண்டு. வாங்கின ஓட்டு பாதிக்குக் குறைவா இருந்தாலும், அவையில் வேலை செய்யும் அளவுக்குப் பெரும்பான்மை வர்ற மாதிரி கூடுதல் இடம் கொடுத்துடுவாங்க. பல பிராந்தியங்களில் ஒரே சீட்டுல தலைவருக்கு ஒரு கூட்டணி, பட்டியலுக்கு வேற கூட்டணி என்று பிரிச்சும் போடலாம். அந்த விதி 1952-ல் இங்கே இருந்திருந்தா ராஜாஜி மேலவை வழியா வந்திருக்க வேண்டியதே இல்லை. ஆனா மக்கள் கொடுக்காத பெரும்பான்மையைச் சட்டம் கொடுத்திருக்கும். அது நல்லதா கெட்டதா என்பது வேற விவாதம். இங்கே சொல்ல வந்தது ஒண்ணுதான்: ஓட்டு அதேதான், எண்ணுகிற விதி மாறினா ஆட்சி மாறும்.

இப்போ நம்ம விதிக்கு வருவோம்.

ரெண்டு சீட்டு, ரெண்டு பெட்டி

அந்த 375 இடங்களுக்கும் 375 தொகுதிகள் இருந்ததுன்னு நினைச்சுடாதீங்க. தொகுதிகள் 309 மட்டுமே. 243 தொகுதிகளுக்கு ஒரு உறுப்பினர், மீதி 66 தொகுதிகளுக்கு ரெண்டு பேர். கணக்குப் போட்டுப் பாருங்க, 375 சரியா வரும். அந்த 66-ல் 62 தொகுதிகளில் ஓர் இடம் பட்டியல் சாதியினருக்கு, நாலு தொகுதிகளில் ஓர் இடம் பழங்குடியினருக்கு. மக்களவையிலும் இதே கதை. 1957-ல் 403 தொகுதிகள், 494 இடங்கள். 91 தொகுதிகள் இரட்டை உறுப்பினர் தொகுதிகள்.

ஏன் இப்படி? இதோட வேர் 1932-ல் இருக்கு. பட்டியல் சாதி மக்களுக்குத் தனி வாக்காளர் தொகுதி என்று பிரிட்டிஷ் அரசு அறிவிச்சது. அம்பேத்கர் கேட்டது அதைத்தான். காந்தி எரவாடா சிறையில் உண்ணாவிரதம் இருந்தார். செப்டம்பர் 24-ம் தேதி பூனா ஒப்பந்தம். தனி வாக்காளர் முறை கைவிடப்பட்டு, இட ஒதுக்கீடு மட்டும் வந்தது. அதாவது நிற்பவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர், ஓட்டுப் போடுவது எல்லோரும். சென்னை மாகாணத்துக்கு 30 இடங்கள் கிடைத்தன.

சுதந்திரத்துக்குப் பிறகு இதை நடைமுறைப்படுத்தும்போது ஒரு கேள்வி வந்தது. ஒரு தொகுதியை முழுசா ஒதுக்கிட்டா, அந்த ஊரில் மற்ற சாதிக்காரர் யாரும் நிற்க முடியாது. அதைத் தவிர்க்கக் கண்டுபிடிச்ச வழி இது: ரெண்டு தொகுதி அளவுக்குப் பெரிய பரப்பை ஒரே தொகுதியாக்கு, ஓர் இடத்தை ஒதுக்கு, இன்னோர் இடத்தைப் பொதுவில் விடு, எல்லோருக்கும் ரெண்டு ஓட்டுக் கொடு.

அப்போ முத்திரை குத்தும் பழக்கம் வரலை. வேட்பாளருக்கு ஒரு பெட்டி, பெட்டி மேல சின்னம். மறைவுக்குள்ள போய் சீட்டை உங்களுக்குப் பிடிச்ச பெட்டியில் போடணும். இரட்டைத் தொகுதியில் கையில் ரெண்டு சீட்டு. ஒரே ஆளுக்கு ரெண்டையும் போட முடியாது, போட்டா ஒண்ணுதான் செல்லும். ரெண்டு வேற வேற ஆளுக்குப் போடணும், இல்லைன்னா ஒண்ணை வீணாக்கணும்.

இந்த 'வீணாக்குறது' சாதாரண விஷயம் இல்லை. 1952-ல் அம்பேத்கரே பம்பாய் வடக்கு இரட்டைத் தொகுதியில் நின்று, காங்கிரஸ் வேட்பாளர் நாராயண் கஜ்ரோல்கரிடம் தோற்றார். அங்கே ஆயிரக்கணக்கான சீட்டுகள் செல்லாமல் போயின. ரெண்டாவது ஓட்டை வீணாக்கச் சொல்லிப் பிரசாரம் நடந்தது என்று அம்பேத்கரும் அவரோடு நின்ற அசோக் மேத்தாவும் தேர்தல் வழக்கே போட்டாங்க. பலன் இல்லை. அரசியல் சட்டத்தை எழுதிய குழுவின் தலைவர், தன் மக்களுக்கு ஒதுக்கப்பட்ட இடத்தில் தோற்றார். கூட்டு வாக்காளர் முறையில் யாரைத் தேர்ந்தெடுப்பது என்ற முடிவு பெரும்பான்மையின் கையில் இருக்கும் என்று 1932-ல் அவர் பயந்தார் இல்லையா, அது அவர் கண் முன்னாடியே நடந்தது.

1957: ஸ்ரீவில்லிபுத்தூரின் ரெண்டு எம்.பி.க்கள்

1957 தேர்தலில் ஸ்ரீவில்லிபுத்தூர் மக்களவைத் தொகுதி இரட்டை உறுப்பினர் தொகுதி. ஜெயித்த ரெண்டு பேர்: பொது இடத்தில் பார்வர்ட் பிளாக் தலைவர் முத்துராமலிங்கத் தேவர். ஒதுக்கப்பட்ட இடத்தில் காங்கிரஸின் ஆர்.எஸ். ஆறுமுகம். ஒரே மக்கள், ஒரே நாள், எதிரெதிர் கட்சிகளில் இருந்து ரெண்டு பேரை டெல்லிக்கு அனுப்பியிருக்காங்க.

தேவர் அதே தேர்தலில் முதுகுளத்தூர் சட்டமன்றத் தொகுதியிலும் ஜெயிச்சிருந்தார். எம்.பி. பதவியை வெச்சுக்கிட்டு, சட்டமன்றப் பதவியை விட்டார். அதனால் முதுகுளத்தூரில் 1957 ஜூலையில் இடைத்தேர்தல். பார்வர்ட் பிளாக்கின் சசிவர்ணத் தேவர் ஜெயித்தார். அதன் பிறகு அந்த வட்டாரத்தில் மூண்ட சாதி மோதலில் பல உயிர்கள் போயின. செப்டம்பர் 11-ம் தேதி இமானுவேல் சேகரன் பரமக்குடியில் கொல்லப்பட்டார். செப்டம்பர் 28-ம் தேதி தேவர் தடுப்புக் காவல் சட்டத்தில் கைதானார். கொலை வழக்கில் 1959 ஜனவரியில் நீதிமன்றம் அவரை விடுவித்தது.

இந்தச் சம்பவங்களைப் பற்றி இன்னைக்கும் தென்மாவட்டங்களில் ரெண்டு விதமான நினைவுகள் இருக்கு. அதுக்குத் தீர்ப்புச் சொல்வது இந்த எபிசோடோட வேலை இல்லை. தேர்தல் முறை சம்பந்தமா ஒண்ணை மட்டும் கவனிப்போம். ஒரு தொகுதியின் ஒரு உறுப்பினர் ஒரு வருஷத்துக்கு மேல காவலில் இருந்தபோது, அந்த மக்களுக்கு டெல்லியில் இன்னோர் உறுப்பினர் இருந்தார். நம்ம மொழியில் சொன்னா, சிஸ்டத்துல ஒரு பேக்கப் இருந்தது. அதைவிட முக்கியமானது, சாதியால் இவ்வளவு பிளந்து கிடந்த ஒரு நிலத்தில், ஒரே வாக்காளர் தொகுதி ரெண்டு பக்கத்து ஆட்களையும் தன் பிரதிநிதியா அனுப்ப அந்த முறை இடம் கொடுத்தது. அதனால மோதல் நின்றுதா? இல்லை. தேர்தல் விதி மனசை மாத்தாது. யார் அவையில் இருப்பாங்க என்பதை மட்டும்தான் அது மாத்தும்.

பார்வதிபுரம் கொடுத்த அதிர்ச்சி

சரி, இந்த முறை ஏன் போச்சு? இதுக்கு ஆந்திராவுக்குப் போகணும். அதே 1957, பார்வதிபுரம் மக்களவைத் தொகுதி. இரட்டைத் தொகுதி, ஓர் இடம் பழங்குடியினருக்கு. பொது இடத்துக்கு நின்றவர் வி.வி. கிரி. மத்திய தொழிலாளர் அமைச்சரா இருந்தவர், பின்னாடி 1969-ல் குடியரசுத் தலைவர் ஆனவர். அவர் தோற்றார். ரெண்டு இடத்தையும் ரெண்டு பழங்குடி வேட்பாளர்கள் எடுத்துட்டாங்க.

எப்படி? எண்ணும் விதியைப் பாருங்க. சின்ன அல்காரிதம்தான், ரெண்டே படி. முதல் படி: ஒதுக்கப்பட்ட பிரிவு வேட்பாளர்களில் அதிக ஓட்டு வாங்கினவருக்கு ஒதுக்கப்பட்ட இடம். ரெண்டாவது படி: மீதி இருக்கும் எல்லோரிலும் அதிக ஓட்டு வாங்கினவருக்குப் பொது இடம். இந்த 'எல்லோரிலும்' என்ற சொல்லில்தான் விஷயமே இருக்கு.

ஒரு கற்பனைக் கணக்கு. அ, ஆ ரெண்டு பேரும் பொது வேட்பாளர்கள். இ, ஈ ரெண்டு பேரும் ஒதுக்கப்பட்ட பிரிவைச் சேர்ந்தவங்க. அ-வுக்கு 1,00,000 ஓட்டு, ஆ-வுக்கு 80,000. இ-க்கு 1,05,000, ஈ-க்கு 1,02,000. முதல் படியில் இ ஜெயிச்சாச்சு. ரெண்டாவது படியில் மிச்சம் இருக்கிற அ, ஆ, ஈ மூணு பேரில் யார் முதல்? ஈ. அப்போ ரெண்டு இடமும் ஒதுக்கப்பட்ட பிரிவுக்கே. பொது இடம் என்றால் 'மற்ற சாதியினருக்கான இடம்' என்று அர்த்தம் இல்லை. எல்லோருக்கும் பொது, அவ்வளவுதான்.

கிரி சில நூறு ஓட்டுகளில் தோற்று, வழக்குப் போட்டார். உச்ச நீதிமன்றம் 1959-ல் தீர்ப்புச் சொன்னது: ஒதுக்கப்பட்ட இடத்துக்கு மனு போட்டதால் ஒருவர் பொது இடத்துக்கான உரிமையை இழந்துவிட மாட்டார். விதி சொல்றபடி எண்ணினது சரி.

சட்டப்படி தெளிவான, நியாயமான தீர்ப்பு. ஆனா அரசியல் கட்சிகளுக்கு அது அபாயச் சங்கு. பெரிய தலைவர்களே பொது இடத்தை இழக்கலாம் என்று தெரிஞ்சு போச்சு. ரெண்டே வருஷத்தில், 1961-ல், இரட்டை உறுப்பினர் தொகுதிகள் ஒழிப்புச் சட்டம் வந்தது. வெளியே சொன்ன காரணங்களும் பொய் இல்லை. தொகுதி ரொம்பப் பெரிசு, பிரசாரச் செலவு அதிகம், வாக்காளருக்குக் குழப்பம், 'நான் பார்க்கலை, அவர் பார்ப்பார்' என்று ரெண்டு உறுப்பினர்களும் கைகாட்டிக்கிற பழக்கம். ஆனா பார்வதிபுரத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த அவசரம் புரியும். தேர்தல் ஆணையம் ஒவ்வொரு இரட்டைத் தொகுதியையும் ரெண்டா வெட்டியது. ஒரு பாதி பொது, மறு பாதி தனித் தொகுதி. 1962 தேர்தல் புது முறையில் நடந்தது.

தனித் தொகுதி ஊர் மாறிய கதை

வெட்டினதில் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம்? இங்கே நம்ம ரெண்டு ஊர்களும் மறுபடி வருது.

2006 சட்டமன்றத் தேர்தல் வரை ராஜபாளையம் தனித் தொகுதி, ஸ்ரீவில்லிபுத்தூர் பொதுத் தொகுதி. 2008-ல் தொகுதி மறுவரையறை. 2011-ல் இருந்து தலைகீழ்: ஸ்ரீவில்லிபுத்தூர் தனித் தொகுதி, ராஜபாளையம் பொதுத் தொகுதி. விருதுநகர் மாவட்டத்தின் ஏழு சட்டமன்றத் தொகுதிகளில் தனித் தொகுதி ஒண்ணே ஒண்ணுதான். அந்த ஒண்ணு பக்கத்து ஊருக்கு நகர்ந்தது. பட்டியல் சாதி மக்கள்தொகையின் விகிதம் எங்கே அதிகமோ அங்கே ஒதுக்கணும் என்பது சட்டம்.

இதை ரெண்டு பக்கமும் நின்று பாருங்க. ஸ்ரீவில்லிபுத்தூரில் பல வருஷம் கட்சி வேலை பார்த்த, பட்டியல் சாதியைச் சேராத ஒருத்தருக்குச் சொந்த ஊரில் சட்டமன்றக் கதவு ஒரே நாளில் மூடிடுச்சு. ராஜபாளையத்தில் கட்சி வேலை பார்த்த பட்டியல் சாதிக்காரருக்கு? சட்டப்படி அவர் பொதுத் தொகுதியில் தாராளமா நிற்கலாம். நடைமுறையில் பொதுத் தொகுதியில் அவருக்குக் கட்சிகள் சீட்டுக் கொடுப்பது அபூர்வம். அதனால் அவருக்கும் கதவு மூடிடுச்சு. முதல் ஆள் மேல மூடினது சட்டம். ரெண்டாவது ஆள் மேல மூடினது நம்ம பழக்கம். இந்த ரெண்டுல எது சீக்கிரம் திறக்கும்னு நீங்களே யோசிங்க.

மக்களவைக்கு இந்த ரெண்டு ஊருமே இப்போ தென்காசி தொகுதியில் இருக்கு. விருதுநகர் மாவட்டத்துக்காரங்க, பக்கத்து மாவட்டத்துப் பேர் கொண்ட தொகுதிக்கு ஓட்டுப் போடுறாங்க. தென்காசியும் தனித் தொகுதி. ஆக ஸ்ரீவில்லிபுத்தூர் வாக்காளருக்குச் சட்டமன்றம், மக்களவை ரெண்டுமே தனித் தொகுதிதான். ஒரு காலத்தில் ஒரே தொகுதிக்குள்ள ரெண்டு விதமான இடமும் இருந்த ஊர் இது.

பழைய முறையே நல்லதுன்னு சொல்ல வர்றீங்களான்னு கேட்டா, இல்லை. தனித் தொகுதியில் ஒரு பெரிய லாபம் உண்டு. அங்கே ஜெயிக்கிற எம்.எல்.ஏ. மட்டும்தான் அந்த ஊருக்கு எம்.எல்.ஏ. ரோடு வேணும்னாலும், சான்றிதழ் வேணும்னாலும், எந்தத் தெருக்காரரும் அவர்கிட்டதான் வரணும். இரட்டைத் தொகுதியில் ஆதிக்க சாதிக்காரர்கள் 'நம்ம ஆளு'கிட்ட போயிட்டு, இன்னொருத்தரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் இருந்திருக்க முடியும். தனித் தொகுதி அந்த வழியை அடைச்சது. இன்னைக்குத் தமிழ்நாட்டின் 234 இடங்களில் 44 பட்டியல் சாதியினருக்கு, 2 பழங்குடியினருக்கு. அந்த 46 பேரும் தங்கள் தொகுதிக்கு முழு உறுப்பினர்கள், யாருக்கும் ரெண்டாவது ஆள் இல்லை.

ஆனா இழந்ததையும் சொல்லணும். பழைய முறையில் ஒதுக்கீடு என்பது தரை மாதிரி இருந்தது. அதுக்குக் கீழ எண்ணிக்கை போகாது, மேல எவ்வளவு வேணும்னாலும் போகலாம். பார்வதிபுரத்தில் மேல போச்சு. புது முறையில் அதே எண்ணிக்கை கூரை மாதிரி ஆயிடுச்சு. சட்டம் அதைக் கூரைன்னு எங்கேயும் சொல்லலை. கட்சிகள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கிற விதம்தான் அப்படி ஆக்கிச்சு.

இது ஏன் இப்போ முக்கியம்? 2023-ல் நாடாளுமன்றம் 106-வது அரசியல் சட்டத் திருத்தத்தை நிறைவேற்றியது. மக்களவையிலும் சட்டமன்றங்களிலும் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு, தனித் தொகுதிகளுக்குள்ளும் மூன்றில் ஒரு பங்கு. மறுவரையறைக்குப் பிறகு நடைமுறை, தொகுதிகள் சுழற்சியில் மாறும். அப்போ ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் கதை எல்லா ஊருக்கும் வரும். எந்தத் தொகுதி யாருக்கு, ஒதுக்கீடு தரையா கூரையா என்ற அதே கேள்விகள்.

இதுக்கு வேற வழியும் உலகத்தில் இருக்கு. நேபிள்ஸ் நகரம் இருக்கிற கம்பானியா பிராந்தியம் 2009-ல் ஒரு சட்டம் போட்டு, 2010 தேர்தலில் பயன்படுத்தியது. வாக்காளர் பட்டியலில் ஒரு பெயர் எழுதலாம், விரும்பினா ரெண்டாவது பெயரும் எழுதலாம். ஆனா ரெண்டு பேரில் ஒருத்தர் ஆண், ஒருத்தர் பெண்ணா இருக்கணும். ஒரே பாலினமா எழுதினா ரெண்டாவது பெயர் செல்லாது. தொகுதியை ஒதுக்கலை, சீட்டுலேயே வழி பண்ணிட்டாங்க. ரெண்டாவது ஓட்டு என்ற யோசனை நம்மகிட்டயும் ஒரு காலத்தில் இருந்ததுதான்.

கடைசியா ஒரு வேலை. உங்க வீட்டில் எண்பது வயசைத் தாண்டின தாத்தாவோ பாட்டியோ இருந்தா, ரெண்டு சீட்டு, ரெண்டு பெட்டி காலத்தைப் பற்றிக் கேளுங்க. அவங்க ஓட்டுப் போட்டிருக்க மாட்டாங்க, அப்போ ஓட்டு வயசு 21. ஆனா அவங்க அப்பா, அம்மா போட்டிருப்பாங்க. வீட்டுல என்ன பேசிக்கிட்டாங்க, ரெண்டாவது சீட்டு எந்தப் பெட்டிக்குப் போச்சு, அதை யார் முடிவு பண்ணினாங்க? பதில் கிடைச்சா எங்களுக்கு அனுப்புங்க.